வந்த சொல்லும் நின்ற சொல்லும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை 1476இல் நிறுவியவர் வில்லியம் காக்ஸ்டன். அவர் 1490இல் 'எனிடோஸ்' என்னும் நூலை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, முன்னுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவைத்தார். தேம்ஸ் ஆற்றின் வழியே சீலாந்துக்குக் கப்பலேறிய வணிகர் சிலர், காற்று இன்மையால் கரையொதுங்கினர். அவருள் ஒருவர் ஒரு வீட்டை அடைந்து உணவு கேட்டார். குறிப்பாக முட்டை கேட்டார். அவர் சொன்ன சொல் 'எக்ஸ்'. வீட்டிலிருந்த பெண்மணியோ தமக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது என்று விடை கூறினார். வணிகர்க்குச் சினம் பிறந்தது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவர் பேசியது ஆங்கிலமே. பிறகு உடனிருந்த ஒருவர் 'எய்ரன்' வேண்டும் என்றார். அம்மையார்க்கு உடனே விளங்கிற்று.

இந்நிகழ்ச்சியைக் கூறிவிட்டுக் காக்ஸ்டன் ஒரு வினாவை எழுப்புகிறார். இக்காலத்தில் ஒருவன் எதை எழுதுவது? 'எக்ஸ்' என்றா, 'எய்ரன்' என்றா? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சுத்தொழிலாளர் கேட்ட இந்தக் கேள்வி, எந்த மொழியிலும் எழுதுகோல் எடுத்தவர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் கேள்வியாகும். இவற்றுள் 'எய்ரன்' என்பதே ஆங்கிலரின் பழஞ்சொல். 'எக்' என்பது வடகடல் கடந்து வந்த நார்ஸ் மொழிச்சொல். இறுதியில் வந்த சொல் நின்றது. இருந்த சொல் மறைந்தது.

ஆங்கிலச் சொல்வளத்தைப் பற்றி இருவகைப் பேச்சு வழங்குகிறது. எல்லா மொழியிடத்தும் கை நீட்டி வாங்கியதனாலேயே அது வளர்ந்தது என்பது ஒன்று. அதற்கெனச் சொந்தமாக ஏதுமில்லை, அது கடன்வாங்கிய மொழி என்பது மற்றொன்று. இரண்டும் அரை உண்மைகள். முழு உண்மையைக் காண, அச்சொற்கள் எவ்வாறு வந்தன, எவ்விடத்தில் அமர்ந்தன, அவை வந்தபோது எவை வெளியேறின என்ற மூன்றையும் பார்த்தல் வேண்டும்.

அகராதியின் கணக்கும் நாவின் கணக்கும்

முதலில் கணக்கைக் காண்போர்க்கு வியப்பே எஞ்சும். 'ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு' அகராதியின் ஏறத்தாழ 80,000 சொற்களை ஃபிங்கன்ஷ்டேட், வோல்ஃப் என்னும் இரு ஆய்வாளர் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் பிரெஞ்சு வழி வந்தவை 28.3 விழுக்காடு, இலத்தீன் வழி வந்தவை 28.24 விழுக்காடு, பழைய ஆங்கிலம், நார்ஸ், டச்சு உள்ளிட்ட செருமானிய இனத்துச் சொற்கள் 25 விழுக்காடு, கிரேக்கம் 5.32 விழுக்காடு. நான்கில் ஒரு பங்குதான் பிறந்த வீட்டுச் சொத்து என்று ஆகிறது.

ஆயின் அகராதியை மூடிவிட்டு, ஆங்கிலேயர் ஒருவர் பேசுவதைக் கேட்டால் கணக்குத் தலைகீழாகிறது. பேச்சிலும் எழுத்திலும் மிகுதியும் பயிலும் முதல் நூறு சொற்களை எடுத்துக்கொண்டால், அவை ஏறத்தாழ முழுவதும் பழைய ஆங்கிலச் சொற்களே. இடையே புகுந்த புறச்சொற்களில் குறிப்பிடத்தக்கவை 'தே', 'தெம்', 'தேர்' என்னும் படர்க்கைப் பன்மைப் பெயர்கள், அவை நார்ஸ். இருத்தல், உடைமை, செய்தல், போதல், வருதல், உண்ணல், உறங்கல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளும், ஒன்று முதல் ஆயிரம் வரையுள்ள எண்களும், கை, கால், கண், நெஞ்சு என்னும் உறுப்புப் பெயர்களும் ஆதிச் சொற்களாகவே நிற்கின்றன.

உறவுப் பெயர்களைக் கவனித்தால் இவ்வமைப்பு இன்னும் தெளிவாகும். தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தார் ஆகியோரைக் குறிக்கும் பெயர்கள் செருமானியச் சொற்கள். மாமன், அத்தை, உடன்பிறந்தார் மக்கள் முதலியோரைக் குறிக்கும் 'அங்கிள்', 'ஆன்ட்', 'நெஃப்யூ', 'நீஸ்', 'கசின்' ஆகியவை பிரெஞ்சுச் சொற்கள். வீட்டின் உள்ளறையில் பழஞ்சொல் இருக்கிறது. தாழ்வாரத்தில் விருந்தினர் சொல் அமர்ந்திருக்கிறது. எண்ணிலும் அப்படியே. 'டூ' என்பது ஆங்கிலம். 'இரண்டாவது' என்னும் பொருள்தரும் 'செகண்ட்' பிரெஞ்சு. ஆகவே ஒரு மொழியில் எத்தனைச் சொற்கள் வந்தன என்பதைக் காட்டிலும், எங்கே வந்தன என்பதே பெரிய கேள்வியாகும்.

முதல் அடுக்கு

உரோமர் கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை பிரித்தானியாவை ஆண்டனர். அவர் நீங்கிய பின் ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டர் என்னும் செருமானியக் குடியினர் கடல் கடந்து குடியேறினர். இக்குடியேற்றத்தின் தொடக்கத்தை 449ஆம் ஆண்டையொட்டி வைத்தவர், 731இல் வரலாறு எழுதி முடித்த பீட் என்னும் துறவி. அங்கு முன்னமே வாழ்ந்த கெல்ட்டியரின் சொற்களில் மிகச் சிலவே ஆங்கிலத்தில் ஏறின. ஆற்றுப் பெயர்கள் மட்டும் அழியாமல் நின்றன. 'ஏவன்' என்பது கெல்ட்டியர் மொழியில் ஆறு என்றே பொருள்படும். வந்தவர் அதனை ஓர் ஆற்றின் பெயரென்று கொண்டு 'ஏவன் ஆறு' என்றனர். தோற்றவர் மொழி பெயர்ப்பலகையில் மட்டும் தங்கியதற்கு இஃது ஒரு சான்று.

இவ்வடுக்கில் இலத்தீன் சொற்கள் சில முன்னரே கலந்திருந்தன. தெருவைக் குறிக்கும் 'ஸ்ட்ரீட்', சுவரைக் குறிக்கும் 'வால்', 'ஒயின்', 'சீஸ்' ஆகியவை உரோமரோடு ஏற்பட்ட வணிகத்தாலும் போராலும் வந்தவை. 597இல் அகஸ்டின் தலைமையில் கிறித்தவத் தூதுக்குழு வந்தபின் 'ஆல்ட்டர்', 'பிரீஸ்ட்' போன்ற சமயச் சொற்கள் வந்தன. ஆயினும் அந்நாளைய ஆங்கிலம் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கும் மொழியாக இருக்கவில்லை. நற்செய்தி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை அப்படியே ஏற்காமல் 'காட்ஸ்பெல்' என்று மொழிபெயர்த்துக்கொண்டது. இன்றைய 'காஸ்பெல்' அதுவே.

அறிவியலுக்கும் அதற்குச் சொந்தச் சொற்கள் இருந்தன. விண்மீன் எனப் பொருள்படும் 'டுங்கொல்' என்பதோடு திறன் எனப் பொருள்படும் 'கிராஃப்ட்' சேர்ந்து வானியலைக் குறித்தது. 'ரீம்கிராஃப்ட்' எண்ணூலாயிற்று, 'லேச்சகிராஃப்ட்' மருத்துவமாயிற்று, 'போக்கிராஃப்ட்' இலக்கியக் கல்வியாயிற்று. சொல்லோடு சொல்லைத் தொடுத்துப் புதுச்சொல் படைக்கும் ஆற்றல் அம்மொழிக்கு நிரம்ப இருந்தது. 'பேயவுல்ஃப்' பாடிய புலவன் கடலைத் திமிங்கிலத்தின் வழி என்று பொருள்படும் ஒரு தொகைச்சொல்லால் குறித்தான். அத்தகைய தொடர்கள் அக்காப்பியம் முழுவதும் விரவிக் கிடக்கின்றன.

அயலவர் வந்தனர், உறவினர் ஆயினர்

793இல் வைக்கிங் படையினர் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினர். தொடர்ந்து வந்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனியர் கைப்பட்டன. ஆல்ஃபிரட் மன்னன் 878இல் எடிங்டன் போரில் வென்று எஞ்சிய பகுதியைக் காத்தான். 1016இல் டேனிய மன்னன் கனூட் இங்கிலாந்துக்கே அரசனானான். 'விட்பி', 'டார்பி', 'கிரிம்ஸ்பி' போன்று 'பி' என முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றும் அக்குடியேற்றத்தைக் காட்டி நிற்கின்றன.

வாளோடு வந்தவர் ஏரோடு தங்கினர். இரு மொழியும் ஓரினத்தன. ஒருவர் பேச்சு மற்றவர்க்கு ஓரளவு விளங்கியிருத்தல் வேண்டும். ஆதலின் நார்ஸ் சொற்கள் அவைக்களச் சொற்களாக வராமல் அடுப்படிச் சொற்களாக வந்தன. முட்டை, கத்தி, தோல், கால் ஆகியவற்றைக் குறிக்கும் 'எக்', 'நைஃப்', 'ஸ்கின்', 'லெக்' அவர்கள் தந்தவை. 'ஹஸ்பண்ட்' அவர்கள் சொல். 'லா' அவர்கள் சொல். பலகணியைக் குறிக்கும் 'விண்டோ' என்பது காற்றின் கண் என விரியும் நார்ஸ் தொகைச்சொல்.

வந்த சொல் எப்போதும் இருந்த சொல்லைக் கொல்வதில்லை. சிலவிடத்து இரண்டும் பாகம் பிரித்துக்கொண்டன. வானத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஹெவன்' என்னும் சொல் இருந்தது. நார்ஸில் முகிலைக் குறித்த 'ஸ்கை' வந்து கண்ணால் காணும் வானத்தை எடுத்துக்கொண்டது. 'ஹெவன்' கடவுளின் உலகத்தைத் தனக்கென வைத்துக்கொண்டது. 'ஷர்ட்' என்பதும் 'ஸ்கர்ட்' என்பதும் ஒரே வேரில் பிறந்த இரு சொற்கள். முன்னது ஆங்கிலம், பின்னது நார்ஸ். ஒன்று மேலாடையாகவும் மற்றொன்று இடையாடையாகவும் இன்று வழங்குகின்றன.

தோல்வி தந்த சொற்கள்

1066 அக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஆங்கில மன்னன் ஹெரால்டு மடிந்தான். நார்மண்டியின் கோமகன் வில்லியம் முடி சூடினான். அரசவை, நீதிமன்றம், மடங்களின் உயர்பதவி யாவும் பிரெஞ்சு பேசுவோர் கைக்கு மாறின. ஆங்கிலம் உழவர் மொழியாயிற்று. 'கவர்ன்மென்ட்', 'பார்லிமென்ட்', 'கோர்ட்', 'ஜட்ஜ்', 'பிரிசன்', 'ஆர்மி', 'டாக்ஸ்' என்று ஆட்சிக்கும் தண்டனைக்கும் வரிக்கும் உரிய சொற்கள் பிரெஞ்சாக இருப்பதன் காரணம் இதுவே. இவை நட்பின் பரிசல்ல, தோல்வியின் தழும்பு.

உயிரோடு இருக்கும் ஆடும் மாடும் பன்றியும் 'ஷீப்', 'ஆக்ஸ்', 'பிக்' என ஆங்கிலப் பெயர் பெறுவதும், சமைத்து வட்டிலில் வந்ததும் 'மட்டன்', 'பீஃப்', 'போர்க்' எனப் பிரெஞ்சுப் பெயர் பெறுவதும் பலர் அறிந்த செய்தி. வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' புதினத்தில் ஒரு விகடன் வாயிலாக இதனை உலகறியச் செய்தார். மேய்த்தவன் மொழி ஒன்று, உண்டவன் மொழி ஒன்று என்பது கேட்க இனிய விளக்கம்தான். எனினும் அந்நாளில் 'பீஃப்', 'மட்டன்' என்பன உயிருள்ள விலங்கையும் குறித்து வழங்கியதுண்டு. இன்றைய கறாரான பிரிவினை பின்னரே நிலைபெற்றது. அழகிய விளக்கமாயினும் ஆராய்ந்தே கொள்ளுதல் நன்று.

மேலும் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தது போர் முடிந்த உடனேயன்று; 1250க்கும் 1400க்கும் இடைப்பட்ட காலத்திலேயே. 1204இல் நார்மண்டி இங்கிலாந்தின் கைவிட்டுப் போயிற்று. அதன்பின் உயர்குடியினர் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்குத் திரும்பினர். திரும்பியவர் தம் பழக்கச் சொற்களைச் சுமந்துகொண்டே திரும்பினர். இடைக்கால ஆங்கிலத்துள் வந்த பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ 10,000 என்றும், அவற்றுள் முக்கால் பங்கு இன்றும் வழக்கிலுள்ளன என்றும் மொழி வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். 1362இல் வழக்குமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் பிறந்தது. அச்சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு!

ஒரு பொருள், மூன்று படி

பின்னர் மறுமலர்ச்சிக் காலம் வந்தது. இலத்தீனும் கிரேக்கமும் கற்ற அறிஞர் அம்மொழிச் சொற்களை நேரே நூல்களிலிருந்து அள்ளிவந்தனர். இதனால் ஒரே பொருளுக்கு மூன்று படிகளில் சொற்கள் அமைந்தன. கேட்டல் என்பதற்கு 'ஆஸ்க்' ஆங்கிலம், 'குவெஸ்ச்சன்' பிரெஞ்சு, 'இன்டராகேட்' இலத்தீன். குழந்தை தாயிடம் கேட்பது முதலாவது. ஆசிரியர் மாணவனை வினவுவது இரண்டாவது. காவலர் கைதியை விசாரிப்பது மூன்றாவது. அரசனுக்குரியது என்பதற்கு 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்னும் மூன்றும் உள. பொருள் ஒன்றாயினும் வெப்பம் வேறு, தொலைவு வேறு. ஆங்கிலக் கவிஞர் கைக்கு இஃது அரிய கருவியாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்வரவை அந்நாளில் எல்லாரும் வரவேற்றனர் அல்லர். இத்தகைய சொற்களை 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று எள்ளினர். தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொல்லணி நூலில், இச்சொற்களை நிரம்பப் பெய்து ஒரு கேலிக் கடிதத்தைச் சேர்த்தார். அக்கடிதத்தில் நகைப்புக்கென்று வைத்த சொற்களுள் 'இன்ஜென்ட்' என்பது மறைந்தது. 'கெப்பாசிட்டி' என்பது நிலைத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வழங்கும் சொல்லாயிற்று. எது நிற்கும், எது போகும் என்று சமகாலத்தவர் நகைப்பைக் கொண்டு முடிவு செய்ய இயலாது போலும்.

கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய ஜான் சீக் எதிர்ப்பின் உச்சிக்கே சென்றார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில், உயிர்த்தெழுதலுக்கு 'கெயின்ரைசிங்' என்றும், நூற்றுவர் தலைவனுக்கு 'ஹண்ட்ரடர்' என்றும், மதிமயங்கியவனுக்கு 'மூண்டு' என்றும் சொல் படைத்தார். 1557இல் தாமஸ் ஹோபிக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூயதாக எழுதப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். அக்கடிதத்தில் தூய்மையைக் குறிக்க அவர் ஆண்ட சொற்களுள் ஒன்று 'பியூர்'. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்! இதனைச் சுட்டுவது அவரை நகையாடுதற்கன்று. காலங்கடந்து விழித்தவர் நிலை அத்தகையது என்பதை உணர்தற்கே.

இலத்தீன் மோகம் எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல் பிரெஞ்சிலிருந்து 'பி' என்னும் எழுத்தின்றி வந்து, ஒலித்தவாறே எழுதப்பட்டு வந்தது. இலத்தீன் மூலத்தில் அவ்வெழுத்து உண்டு என்று காட்டக் கற்றவர் அதனை இடையில் செருகினர். ஒலிக்காத அந்த எழுத்தை இன்றுவரை உலகெங்கும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர்.

விலை கொடுத்தோர் இவர்கள் மட்டுமல்லர். 1604இல் ராபர்ட் காட்ரி ஆங்கிலத்தின் முதல் ஒருமொழி அகராதியை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்கள் இருந்தன. பெண்களுக்கும் கல்வி வாய்ப்பற்ற பிறர்க்கும் பயன்படவே தொகுத்ததாக முகப்பில் அறிவித்தார். ஆங்கிலேயர்க்கே ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்லும் நூல் தேவைப்பட்டது! இலத்தீன் பள்ளிக்குச் செல்ல இயலாதவர் தம் தாய்மொழியிலேயே அயலவராயினர் என்பது அம்முகப்பு சொல்லாமல் சொல்லும் செய்தி.

ஒரு சொல்லுக்காக நிகழ்ந்த போர்

சொல்தேர்வு அழகைப் பற்றியது மட்டுமன்று என்பதற்கு வில்லியம் டிண்டேலின் வாழ்வு சான்றாகும். ஏர் ஓட்டும் சிறுவனும் மறைநூலை அறிய வேண்டும் என்னும் வேட்கையால் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1526இல் அச்சிட்டார். 'அகாபே' என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் திருச்சபையார் வழங்கிய 'சாரிட்டி' என்பதை விடுத்து, 'லவ்' என்னும் எளிய பழஞ்சொல்லை வைத்தார். தாமஸ் மோர் இதனையும் இத்தகைய பிற தேர்வுகளையும் கடுமையாக எதிர்த்து எழுதினார். 'சாரிட்டி' என்றால் அறச்செயலும் கொடையும் சபையின் ஒழுங்கும் உடன்வரும். 'லவ்' என்றால் நெஞ்சு மட்டுமே முன்நிற்கும். இரு சொற்களுக்கு இடையே இரு சமய நெறிகள் நின்றன.

டிண்டேல் திருச்சபைக்கு மாறுபட்டவர் என்று தீர்ப்பிடப்பட்டு 1536இல் கொல்லப்பட்டார். 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அவர் நடையைப் பெரிதும் தழுவிக்கொண்டது. ஆயினும் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில் 'சாரிட்டி' என்றே வைத்தது. 1881இல் வந்த திருத்தப் பதிப்பில் 'லவ்' திரும்பி வந்தது. ஒரு பழஞ்சொல் தன் இடத்தைத் திரும்பப் பெற 270 ஆண்டுகள் ஆயின.

கவிஞர் தொழிலுக்குப் பெயர் எங்கே?

கவிஞர் நிறைந்த இவ்வவையில் ஒன்றைத் தனியே கூறல் தகும். 'பொயட்', 'பொயம்' ஆகியவை கிரேக்க மூலத்தன. 'வெர்ஸ்' இலத்தீன், 'ரைம்' பிரெஞ்சு, 'சானட்', 'ஸ்டான்சா' இத்தாலியம். பழைய ஆங்கிலத்தில் பாடுவோனுக்கு 'ஷாப்' என்னும் பெயரும், பாட்டுக்கு 'லேயோத்' என்னும் பெயரும் இருந்தன. இரண்டும் மறைந்தன. தம் தொழிலுக்குரிய பெயர்களையே ஆங்கிலக் கவிஞர் இரவல் வாங்கி அணிந்திருக்கின்றனர். அழியாமல் நின்றவை 'சாங்', 'சிங்', 'வேர்டு' ஆகியவை. பாட்டும், பாடுதலும், சொல்லும் மட்டும் வீட்டில் எஞ்சின.

எஞ்சியதைக் கொண்டும் பெருங்கவிஞர் பெருஞ்செயல் புரிந்தனர். 'மக்பெத்' நாடகத்தின் இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில், கொலை செய்த கையைப் பார்த்து மக்பெத் பேசும் இடம் உலகறிந்தது. அங்கே ஷேக்ஸ்பியர் கடலைக் கூறுமிடத்து இலத்தீன் வேரில் பிறந்த நெடுஞ்சொற்கள் இரண்டை அடுத்தடுத்து வைக்கிறார். செவி நிறைய ஒலிக்கின்றன. உடனே அடுத்த அடியில் பச்சையும் சிவப்புமாய்க் குழந்தையும் அறியும் சிறு ஆங்கிலச் சொற்களால் அதே பொருளை மீளச் சொல்கிறார். நெடுஞ்சொல் கடலின் அகலத்தைக் காட்டுகிறது; குறுஞ்சொல் குருதியைக் காட்டுகிறது. ஒன்றின்றி மற்றொன்றுக்கு ஆற்றலில்லை. வந்த சொல்லையும் நின்ற சொல்லையும் எடைபோட்டு வைக்கத் தெரிந்த கைக்கு இஃது எடுத்துக்காட்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இழந்ததை மீட்க முனைந்த கவிஞர் ஒருவர் தோன்றினார். டார்செட் வட்டார வழக்கில் பாடிய வில்லியம் பார்ன்ஸ் என்பார் அவர். பன்மொழி கற்ற பாதிரியார். 'போட்டோகிராஃப்' என்பதற்கு 'சன்பிரின்ட்' என்றும், 'பைசிக்கிள்' என்பதற்கு 'வீல்சேடில்' என்றும், 'ஆம்னிபஸ்' என்பதற்கு 'ஃபோக்வெயின்' என்றும் படைத்தார். 1878இல் இலக்கண நூல் எழுதியபோது 'கிராமர்' என்னும் சொல்லைத் தள்ளி 'ஸ்பீச்கிராஃப்ட்' என்றே பெயரிட்டார். ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் அம்முயற்சியை வியந்தும், அது கைகூடாது என்று வருந்தியும் 1882இல் நண்பர் பிரிட்ஜஸுக்கு எழுதினார். பார்ன்ஸின் கலைச்சொற்கள் மக்களிடம் ஏறவில்லை. ஆயின் சொல்லோடு சொல் தொடுக்கும் அப்பழைய ஆற்றல் ஹாப்கின்ஸின் கவிதைகளில் புத்துயிர் பெற்றது. அக்கவிதைகளும் அவர் மறைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1918இல்தான் நூலாயின.

முயற்சி முற்றும் வீணாயிற்று என்பதற்கில்லை. 1846இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் இலத்தீன் வழிவந்த ஒரு நெடுந்தொடருக்கு மாற்றாக 'ஃபோக்லோர்' என்னும் சொல்லை முன்வைத்தார். இரு பழைய ஆங்கிலச் சொற்களின் தொகை அது. ஆங்கிலத்தில் நிலைத்ததோடு பிரெஞ்சு உட்படப் பல மொழிகளுக்கும் அதுவே சென்றது. எண்ணூறு ஆண்டுகள் பிரெஞ்சிடம் வாங்கிய மொழி, தன் சொந்தச் சொல்லை அதற்குத் திருப்பித் தந்தது. பொருளுக்குப் பெயர் தேவைப்படும் வேளையில் பிறந்த சொல் வாழ்ந்தது. பெயர் நிலைத்துவிட்ட பொருளுக்குப் பின்னர்ப் பிறந்த சொல் வாடியது.

தமிழிலிருந்து சென்றவை

கடல் வணிகம் பெருகியபின் ஆங்கிலத்துள் உலகமெல்லாம் வந்து சேர்ந்தது. அரபியிலிருந்து 'அல்ஜிப்ரா', டச்சிலிருந்து 'டெக்', 'ஸ்கிப்பர்', இத்தாலியத்திலிருந்து 'ஆப்பரா' என்று அவை பலவாம். அவ்வரிசையில் தமிழும் உண்டு. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று; சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று; மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று; கறி 'கரி' ஆயிற்று; குருந்தம் என்னும் மணிக்கல் 'கொரண்டம்' ஆயிற்று; அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று. இத்தகைய சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்.

சென்ற சொற்கள் சென்றவிடத்தில் மாறின. தமிழ்க் கடற்கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகு 'கேட்டமரான்'. பெயர் போயிற்று, பொருள் போகவில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, ஒலி ஒத்ததனாலேயே உறவு கொண்டாடும் ஆர்வம். பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்பது காசிலிருந்து வந்தது என்று மேடைகளில் கூறுவதுண்டு. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்வழி வந்தது அச்சொல். அதன் மூலம் இலத்தீன். கீழைநாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் மற்றொரு சொல் உண்டு. அதுவே போர்த்துக்கீசியர் வழியாகக் காசிலிருந்து சென்றது. எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் பிறப்பு வேறு. பொய்யான பெருமை மெய்யான பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

மற்றொன்று பெருமைக்கே இடமில்லாதது. ஆங்கில நாளிதழ்களில் நாடோறும் வழங்கும் 'பரையா' என்னும் சொல், பறை முழக்கும் மக்களின் பெயரிலிருந்து சென்றது. ஆங்கிலத்தில் அது யாவரும் ஒதுக்கித் தள்ளியவன் என்னும் பொருளில் வழங்குகிறது. இசைக்கருவியின் பெயரால் அமைந்த ஒரு மக்கட்பெயர், இந்நாட்டார் அம்மக்களுக்கு இழைத்த கொடுமையைச் சுமந்துகொண்டு கடல் கடந்தது. அயலவர் தாமாக அப்பொருளைப் புனையவில்லை. இங்குக் கண்டதையே எடுத்துச் சென்றனர். தமிழ் உலகுக்கு ஈந்த சொற்கள் என்று பட்டியல் படிப்போர், இச்சொல்லை விட்டுவிட்டுப் படித்தல் அறமாகாது.

முடிவாக

கடன் வாங்கியதால் ஆங்கிலம் வளர்ந்தது என்பது அரை உண்மை. அரசும் படையும் வணிகமும் அதனை உலகெங்கும் கொண்டு சென்றன. கடன் அதற்குப் பொருள்நுட்பம் தந்தது. கூடவே, தொகைச்சொல் படைக்கும் பழைய பழக்கத்தைத் தளரச் செய்தது. கற்றார்க்கும் கல்லார்க்கும் நடுவே வேலி வைத்தது. அதற்குச் சொந்தம் ஏதுமில்லை என்பதும் அரை உண்மையே. இலக்கணமும், எண்ணும், உறவும், உடலும், அன்பும், சாவும் அதன் பழஞ்சொற்களிலேயே தங்கியுள்ளன. வந்த சொற்களுக்கும் அது தன் விகுதிகளைப் பூட்டித் தன் ஏவலில் வைத்தது. 'பியூட்டிஃபுல்' என்பதில் தலை பிரெஞ்சு, வால் ஆங்கிலம்.

வடசொல்லை ஆளுங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு பொருந்த அமைத்தல் வேண்டும் என்று விதித்த தொல்காப்பியர், செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வருவதை மறுக்கவில்லை, வருவது எவ்வாறு வரவேண்டும் என்று வரையறுத்தார். வாயிலைத் திறந்தே வைத்தார், வாயிற்காவலையும் வைத்தார்.

காக்ஸ்டன் வீட்டுவாயிலில் கேட்ட வினாவுக்கு அகராதி விடை சொல்லாது. 'எய்ரன்' மறைந்ததற்கு எந்த மன்னனின் ஆணையும் காரணமன்று. அச்சொல்லை வழங்கும் நாக்குகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன, அவ்வளவே. ஒரு சொல்லைச் சாகாமல் காக்க வல்லது அதனை ஆளும் வாய்தான். அவ்வாய்களுள் முதல்வாய் கவிஞர் வாய். பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படித்த இவ்வட்டம், அப்பணியையே செய்து வந்திருக்கிறது. இனியும் செய்க.